விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

மார்ச் 4

மச்சானுக்கு வணக்கம்.

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். சுவர் நலமில்லை.

போனில் பேசக்கூடாது என்பது அவளுடைய உத்தரவு. போன தடவை நாம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டாளாம். இரண்டு பேரும் கால் மணி நேரம் கத்தினோம், ஒருவர்கூட ஒரு வாக்கியத்தை முடிக்கவில்லை என்கிறாள். "எழுதுங்க. எழுதினா குறுக்க பேச முடியாதுல்ல." எனக்குக் கொத்துக் கரண்டி பிடித்த அளவுக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். விஷயம் அப்படி.

பின்னறை. ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கி, சாய்வாகத் தரை வரை இறங்கும் விரிசல். குடிவந்த அன்று நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "செங்கல் வேலையோட லட்சணம்" என்றீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். "இவன் தப்பை ஒத்துக்கற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நீங்கள் இன்னும் வரவில்லை. விரிசலும் இன்னும் போகவில்லை.

அது அகலமாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்கிறாள் உங்கள் தங்கை.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இந்த வீட்டில் தரை மட்டம் வரை உங்கள் கருங்கல். அதற்கு மேலேதான் என் செங்கல். விரிசல் சாய்வாக ஓடினால் கீழே ஒரு மூலை இறங்குகிறது என்று அர்த்தம். கீழே இருப்பது யார் வேலை?

வாதம் வேண்டாம். சோதித்துவிடுகிறேன். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டப் போகிறேன். கண்ணாடி முழுசாக இருந்தால் இது பழைய விரிசல், செத்துவிட்டது, பூசி மூடிவிடலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. நகர்ந்தால், மச்சான், உங்கள் கல் இறங்குகிறது.

படச்சட்டம் போடும் கடையில் பட்டை வெட்டி வாங்கினேன். கடைக்காரர் கேட்டார்: "என்ன கொத்தனாரே, சுவருக்குக் கண்ணு சரியா தெரியலையா?" ஊரில் எல்லோருக்கும் நகைச்சுவை வருகிறது.

வெயில் ஏறுகிறது. தலையில் துண்டு இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

மாப்பிள்ளை

அண்ணா, அன்றைக்குப் போனில் நடுவில் நீ இருமினாய். இவர் கத்திக்கொண்டே இருந்ததால் கேட்கவில்லை. நான் கேட்டேன். நீளமாக இருமினாய். எத்தனை நாளாக?


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு.

கடிதம் கிடைத்தது. நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பதில் சந்தோஷம்.

என் கல் இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் கல் கொத்திக்கொண்டிருந்தவர் என்னவென்று கேட்டார். மாப்பிள்ளை ஜோக் எழுதியிருக்கிறார் என்றேன்.

சில கேள்விகள். செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்தீர்களா, அல்லது வாளியால் மேலே தெளித்துவிட்டு ஊறியதாக வைத்துக்கொண்டீர்களா? ஜன்னலுக்குக் கீழே வரும் வரிசைகளில், செங்கல்கள் சேரும் மூட்டின் மேல் மூட்டு விழவில்லையே? கட்டிய பிறகு எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள்? இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டுப் பிறகு கல்லைப் பற்றிப் பேசலாம்.

கண்ணாடி ஒட்டுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கண்ணாடியாவது உண்மை சொல்லும்.

தங்கைக்கு: மாடியில் தண்ணீர் போகும் குழாய் வாயை மழைக்கு முன்னால் சுத்தம் செய்யச் சொல். இலை அடைத்துக்கொள்ளும்.

மச்சான்


ஏப்ரல் 9

மச்சானுக்கு வணக்கம்.

நலம். அங்கும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். அவள் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்று சொல்லச் சொன்னாள்.

கண்ணாடி உடைந்துவிட்டது.

இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். செங்கல் தொட்டியில் ஊறியது, குமிழி வருவது நிற்கும் வரை. வாளியில் தெளிக்கிற ஆள் நான் இல்லை. அது உங்களுக்கே தெரியும், தெரிந்துதான் கேட்கிறீர்கள். மூட்டின் மேல் மூட்டு விழவில்லை. ஒரு இடத்தில்கூட. பூச்சைப் பெயர்த்துக் காட்டவா? இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் விட்டது உங்கள் தங்கை. அவளைக் கேளுங்கள்.

ஒரு மாதம் முழுசாக நின்றது கண்ணாடி. எனக்கே சந்தேகம் வந்தது, சரி, செத்த விரிசல்தான் போல, மச்சானிடம் தோற்றோம் என்று. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், இரண்டாக நிற்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்தது. என் சொந்த வீட்டுச் சுவர் நகர்வதற்குச் சந்தோஷப்படும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

வந்து பாருங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை

உடைந்தது உண்மைதான், அண்ணா. நானும் பார்த்தேன். நீ வந்து பார்ப்பதுதான் நல்லது. இருமல் எப்படி இருக்கிறது?


மே 2

மாப்பிள்ளைக்கு.

நலம். பதில் எழுதத் தாமதம். இங்கே வேலை.

ஒரு கண்ணாடி உடைந்ததும் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பின்னறைச் சுவர் மேற்குப் பார்த்தது. மத்தியான வெயிலில் காய்ந்து விரியும், சாயங்காலம் சுருங்கும். நீங்கள் சிமெண்டைக் கல்லறை மாதிரி அப்பியிருப்பீர்கள். கண்ணாடிக்கு மூச்சுவிட இடமில்லை. உடைந்திருக்கும்.

மெல்லிய கண்ணாடியாக வாங்கி, சிறு பொட்டு வைத்து ஒட்டுங்கள். விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டு, இடைவெளியை அளந்து வையுங்கள். கண்ணாடி உடைந்தாலும் கோடு நகராவிட்டால் சுவர் நகரவில்லை. இதை ஒரு கொத்தனாருக்கு நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே மலைப்பாதைக்கு ஓரத்துச் சுவர் போகிறது. மண் சரியாமல் பிடித்துக்கொள்ள. நல்ல கல். உளி வைத்தால் சொன்னபடி கேட்கிறது. எனக்கு இப்போது சுவர் மேல் வேலை இல்லை, கீழே உட்கார்ந்து கல் கொத்துகிற வேலை. மேஸ்திரி மாற்றிக் கொடுத்திருக்கிறார். நிழலில்தான். சௌகரியம்.

தங்கைக்கு: குழாய் வாய்?

மச்சான்


மே 26

மச்சானுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். குழாய் வாய் சுத்தம். இருமலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மூன்றாவது தடவை கேட்டாகிவிட்டது. குழாய் வாய்க்குக் கிடைக்கிற கவனம் எங்கள் கேள்விக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது கண்ணாடி உடைந்தது. மூன்றாவதும் உடைந்தது. மெல்லிய கண்ணாடி, சிறு பொட்டு, எல்லாம் நீங்கள் சொன்னபடி.

பென்சில் கோடு நகரவில்லை.

அளந்தேன். மறுபடி அளந்தேன். அளவுகோலை மாற்றி அளந்தேன். கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது, கண்ணாடி உடைகிறது. நகராத சுவர் எப்படிக் கண்ணாடியை உடைக்கும்? மத்தியானம் திறந்து சாயங்காலம் மூடிக்கொள்கிறதா? அடுத்த தெருவில் மாவு அரைக்கும் இயந்திரம் ஓடும்போது அதிர்கிறதா? வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. ஒன்றும் தெரியவில்லை. உங்கள் தங்கை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

விஷயம் வெளியே போய்விட்டது. படச்சட்டக் கடைக்காரர் உபயம். நான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர் நேற்று சொல்கிறார்: "கொத்தனாரே, உங்க வீட்டுல கண்ணாடி ஒட்டிப் பாக்குறீங்களாமே. எங்களுக்கும் இப்பவே ஒண்ணு ஒட்டிடுங்களேன், பின்னால அலைய வேண்டாம்." சாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

இரண்டில் ஒன்று. உங்கள் கல், அல்லது என் செங்கல். எது என்று தெரியாமல் எனக்கு வேறு யாருடைய சுவரையும் கட்டக் கை ஓடவில்லை. கட்டிய சுவரைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். பைத்தியக்காரன் மாதிரி.

வாருங்கள் என்று கெஞ்சவில்லை. வந்தால் தேவலை.

மாப்பிள்ளை

அண்ணா, உங்கள் இடத்துக்குக் கல் ஏற்ற வரும் லாரிக்காரர் நேற்று இந்த வழியாகப் போனார். நிறுத்திப் பேசினேன். நீ உட்கார்ந்து வேலை செய்வது மேஸ்திரி மாற்றிக் கொடுத்ததால் இல்லையாம், நின்றால் மூச்சு வாங்குகிறதாம். கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதற்குள் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறாயாம். இருமல் மருந்தைப் பாட்டிலோடு தண்ணீர் மாதிரி குடிக்கிறாயாம். கல் தூசு என்கிறார். அங்கே இன்னும் இரண்டு பேருக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம்.

வா, அண்ணா. பின்னறை உனக்கென்றுதானே கட்டினோம்.


ஜூன் 28

மாப்பிள்ளைக்கு.

நலம். நலம் என்றால் நலம்.

லாரிக்காரனுக்கு ஓட்டுவதை விட்டுவிட்டு ஊரெல்லாம் செய்தி சொல்வது வேலையாகிவிட்டது. அவன் வாயையும் கலவை போட்டு அடைக்க வேண்டும்.

தங்கைக்குச் சொல்லுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத ஆளாக நான் இன்னும் ஆகவில்லை. ஒரு வீட்டில் போய் வேலையில்லாமல் உட்கார்ந்து, மூன்று வேளையும் தட்டைக் கழுவாமல் நீட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. அது தங்கை வீடாக இருந்தாலும். தங்கை வீடாக இருந்தால் நிச்சயமாக இல்லை.

சுவர் விஷயம். எழுதி எழுதிச் சலித்துவிட்டது. ஒரே வழி. அந்த மூலையில் வெளியே குழி தோண்டுங்கள். உள்ளே தரையில் இரண்டு கல்லைப் பெயர்த்து அங்கேயும் தோண்டுங்கள். கருங்கல் சுவர் இரண்டு முகமாகத்தான் ஏறும். இந்த முகத்தையும் அந்த முகத்தையும் கட்டிப் பிடிக்க, குறுக்கே ஒரு நீளக்கல் போக வேண்டும். வெளியே ஒரு முனை, உள்ளே ஒரு முனை. மூலையில் அதை வைக்காமல் விட்டால் சுவர் இரண்டாகப் பிரிந்து இறங்கும். நான் வைத்தேன். என் கையால் கொத்தி, நானே தூக்கி வைத்தேன். போய்ப் பாருங்கள். இருந்தால், உங்கள் செங்கல்லை நீங்களே உதைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான்


ஜூலை 10

மச்சானுக்கு வணக்கம்.

நலம். நீங்களும் நலம் என்கிறீர்கள், நம்புகிறோம் என்று எழுதச் சொல்கிறாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிகிறது.

நாலாவது உடைந்தது. இந்தத் தடவை நேராக உடையவில்லை, நடுவில் நட்சத்திரம் மாதிரி. இப்படி உடைக்கிற சுவரை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோண்டுகிறேன். நீளக்கல் இல்லாவிட்டால் ஊரைக் கூட்டிக் காட்டுவேன். இருந்தால் அடுத்த வாரமே என் சுவரை ஜன்னலோடு இடித்துத் தள்ளுகிறேன். கடப்பாரை கொண்டுவந்து வைத்தாகிவிட்டது. தெரியாமல் இருப்பதைவிட இடிப்பது மேல்.

உங்கள் தங்கை கீழே எழுத மாட்டேன் என்கிறாள். "எழுதி என்ன ஆச்சு" என்கிறாள்.

மாப்பிள்ளை


ஜூலை 17
(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

மச்சானுக்கு வணக்கம்.

தோண்டினேன். வெளியே ஒரு குழி, உள்ளே ஒரு குழி. நான் வெளியே, அவள் உள்ளே. கல்லில் ஒரு வெள்ளைக் கீற்று ஓடுகிறது. வெளியே நுழைகிற கீற்று உள்ளே வந்து முடிகிறது. ஒரே கல். அவளை உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டச் சொன்னேன். வெளியே என் உள்ளங்கைக்கு வந்தது அந்தத் தட்டு. சுற்றிலும் கத்தி நுனியை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. மண்ணுக்குக் கீழே, யாரும் பார்க்கப் போகாத இடத்தில், இப்படி முகம் செதுக்கிக் கல் வைத்திருக்கிறீர்கள். குழிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எரிச்சலாக இருந்தது. குறை சொல்ல ஒரு இடம் விட்டுவைக்கக்கூடாதா?

அப்படியானால் என் செங்கல்.

புதன்கிழமை இடிப்பதாக முடிவு. இடிப்பதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாவது கண்ணாடியை ஒட்டினேன். இன்று வேலைக்குப் போய், நூல்கண்டை மறந்துவிட்டேன் என்று பாதியில் திரும்பி வந்தேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது.

அவள் விரிசலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் என் பழைய கரண்டி, தலைகீழாக. கைப்பிடியால் ஒரு தட்டு. பலமாகக்கூட இல்லை. அளவான தட்டு, முட்டை உடைக்கிற மாதிரி.

"என்ன பண்றே?"

திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. "பாத்துட்டீங்கல்ல. அப்புறம் என்ன கேள்வி?"

"எத்தனை?"

"அஞ்சும்."

"முதல்லேர்ந்தா?"

"முதல் கண்ணாடியை ஒரு மாசம் பாத்தேன். அது பாட்டுக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள்ல நீங்க பூசி மூடிடுவீங்க, அண்ணனுக்கு விஷயம் முடிஞ்சிதுன்னு எழுதுவீங்க. அதோட கடுதாசியும் நின்னுடும்."

"ஏண்டி, நான் புதன்கிழமை சுவரை இடிக்கப் போறேன்!"

"இடிங்க. இடிச்சா திரும்பக் கட்ட ஆள் வேணும்ல."

நாலு மாதமாக நான் நாடி பிடித்த சுவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரே சிரிக்கிறது, நான் தூக்கமில்லாமல் அலைகிறேன், நீ டீ கொண்டுவந்து கொடுத்து, என்ன சொல்லுதுன்னு கேக்கறே என்று கத்தினேன். கத்தட்டும் என்று விட்டாள். பிறகு சொன்னாள்:

"உங்க ரெண்டு பேருக்கும் சுவர் பேசினாத்தான் காது கேக்குது. நான் ஒவ்வொரு கடுதாசியிலயும் கேட்டேன், இருமல், இருமல்னு. ஒரு வரி வந்துச்சா? உடம்பு சரியில்ல, வந்துடுன்னு கூப்பிட்டா அண்ணன் வர மாட்டாரு. வேலை இருக்குன்னா வருவாரு. அந்தத் தூசுல இன்னும் ஒரு வருஷம் உக்காந்தா, நாம போய்த்தான் எடுத்துட்டு வரணும்."

எடுத்துட்டு வரணும் என்றாள். கூட்டிட்டு வரணும் என்று சொல்லவில்லை.

மச்சான், வெயிலா, அதிர்வா, மண்ணா, சிமெண்டா என்று நாம் எழுதிய தாள்களைப் பாருங்கள். தொழில் தெரிந்த இரண்டு பேர். ஒரு ஆளின் கையாக இருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அது நமக்குத் தெரிந்த காரணங்களில் இல்லை.

ஆக, உங்கள் கல் இறங்கவில்லை. என் செங்கல் விலகவில்லை. புதுவீடு உட்காரும்போது விழுகிற விரிசல், விழுந்த அன்றே செத்துவிட்டது. நாம் இரண்டு பேரும் சரி. நம் வேலையில் ஒரு குறையும் இல்லை.

இதை எழுதி அனுப்பினால் நீங்கள் வர மாட்டீர்கள்.


ஜூலை 18

மச்சானுக்கு வணக்கம்.

நாங்கள் நலம்.

தோண்டவில்லை. தேவைப்படவில்லை. பூச்சைப் பெயர்த்துப் பார்த்தேன். தப்பு என் செங்கல்தான். ஜன்னலுக்குக் கீழே வரிசையாக மூட்டின் மேல் மூட்டு விழுந்திருக்கிறது. நீங்கள் அன்று சொன்னதுதான் சரி. எல்லோருக்கும் முன்னால் நான் பேசியிருக்கக்கூடாது.

மேலே எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. படித்தால் கிழித்துவிடுவேன்.

சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும். பிரிக்கும்போது கீழே கல் அசையக்கூடாது. அந்தக் கல்லை வைத்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. நீங்கள் ஒன்றும் தூக்க வேண்டாம். உட்கார்ந்து எங்கே தட்டலாம், எங்கே தட்டக்கூடாது என்று சொன்னால் போதும். வேறு யாரையும் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. படி ஏறுவதற்கு நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. இனி சாக்கு இல்லை.

மாப்பிள்ளை

வேலை நிறைய இருக்கிறது, அண்ணா. இருமலைப் பற்றி நான் இனிமேல் கேட்க மாட்டேன்.


ஆகஸ்ட் 11

மாப்பிள்ளைக்கு.

கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து. அதனால் தாமதம்.

நீங்கள் எழுதியதை நம்பவில்லை.

உங்கள் சுவர் ஏறியபோது நான் கீழே நின்று பார்த்தவன். ஒவ்வொரு வரிசையும் பார்த்தேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் நின்றேன். மூட்டின் மேல் மூட்டு ஒரு இடத்தில்கூட விழவில்லை. நூல் பிடித்ததற்கு மேல் ஒரு நூல் பிடித்த வேலை. இதை அன்றே சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது, அதற்குள் நீங்கள் என் கல்லைப் பற்றி ஏதோ சொன்னீர்கள்.

எதற்காக ஒரு கொத்தனார் தன் வேலையைத் தானே இப்படித் திட்டிக்கொண்டு எழுதுவார் என்று யோசித்துப் பார்த்தேன். இங்கே யோசிக்க நேரம் கிடைக்கிறது. கொட்டகையில்தான் இருக்கிறேன், இரண்டு வாரமாக உளி எடுக்கவில்லை.

யோசித்ததில் தெரிந்தது. தப்பு என் கல்லில்தான். அந்த மூலைக்கு நீளக்கல் வைத்தேன் என்று எழுதியிருந்தேனே, அது ஞாபகப் பிசகு. அன்றைக்கு நீளமாகக் கல் அமையவில்லை. இரண்டு குட்டைக்கல்லை முதுகோடு முதுகு வைத்து, நடுவில் சல்லி போட்டு அடைத்து, மேலே ஏற்றிவிட்டேன். வெளியே பார்த்தால் ஒரே கல் மாதிரிதான் தெரியும். அதனால்தான் இறங்குகிறது. அதனால்தான் உங்கள் கண்ணாடி உடைகிறது.

நீங்கள் தோண்ட வேண்டாம். செங்கல்லில் கை வைக்க வேண்டாம், கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் தப்பை நானே வந்து சரிசெய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உடனே முடிகிற வேலை இல்லை. இப்போதெல்லாம் மெதுவாகத்தான் செய்ய முடிகிறது. பல மாதம் ஆகலாம். தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

பின்னறையில் கட்டில் இருந்தால் ஜன்னல் பக்கமாகப் போடச் சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. சாய்ந்து உட்கார வசதியாக இருக்கும்.

மச்சான்


ஆகஸ்ட் 14

மச்சானுக்கு வணக்கம்.

தோண்ட வேண்டாம் என்றீர்கள். கேட்பேனா? கடிதம் வந்த கையோடு தோண்டிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. இரண்டு குட்டைக்கல். முதுகோடு முதுகு, நடுவில் சல்லி. கத்தி மட்டுமல்ல, என் விரலே நுழைகிறது. மச்சான், இது என்ன வேலை? ஒரு வீட்டின் மூலைக்கு இப்படியா கல் வைப்பார்கள்? வைத்துவிட்டு ஐந்து மாதமாக என் செங்கல் ஊறியதா, ஊறவில்லையா என்று விசாரணை நடத்தினீர்களே, கொஞ்சமாவது நியாயம் வேண்டாமா? படச்சட்டக் கடைக்காரரிடம் நான் எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறேன் தெரியுமா? நேரில் வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.

குழியை அப்படியே மண் போட்டு மூடியிருக்கிறேன். உங்களைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக்கூடாது. அவசரமும் இல்லை. முதலில் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காட்டிவிட்டு வந்து பிறகு தொடங்கலாம். தூசில் வேலை செய்பவர்களுக்கென்றே பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. எழுதினால் குழாய் வாயைப் பற்றித்தான் எழுதுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்கு வருகிறேன். சுத்தியல் பையை நீங்கள் இறக்க வேண்டாம். நான் ஏறி எடுத்துக்கொள்கிறேன்.

கட்டிலை மாற்றிப் போட்டாகிவிட்டது.

மாப்பிள்ளை

நானும் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன், அண்ணா. குட்டைக்கல்தான்.